பெர்லினில் ஒரு செமஸ்டர்: அமெரிக்காவிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு

பத்தாம் வகுப்பு வரை மதுரை, அதற்குப் பிறகு நியூ ஜெர்சி. கல்லூரியின் மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் படிக்க பெர்லினுக்கு வந்தேன். பின்னால் வேலையும் இங்கேயே அமைந்தது. இப்போது ஏப்ரலிலும் அக்டோபரிலும் அமெரிக்காவிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகள் யாராவது தெரிந்தவர் மூலம் என்னைத் தேடிப் பேசுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, மற்றவர்களும் உண்டு. முதல் வாரம் முடியும்போது பெரும்பாலும் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "இந்த ஊர்க்காரர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அமெரிக்காவில் கடைக்குள் நுழைந்ததுமே சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து என்ன வேண்டும் என்பார். மதுரையில் பஸ் நிறுத்தத்தில் கொஞ்சம் தயங்கி நின்றால் போதும், நான்கு பேர் வழி சொல்வார்கள். பெர்லினில் தானாக வந்து யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாம் போய்க் கேட்டால் நின்று, யோசித்து, சரியான பதிலைத் தருவார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதால்தான், எதை எப்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் காலண்டர்

இங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைக்கால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும். கோடையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. அமெரிக்காவில் இலையுதிர்கால செமஸ்டர் டிசம்பரில் முடிந்து, அடுத்தது ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடும். ஆக, ஒரே ஒரு செமஸ்டர் என்று குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஜனவரியில் இரண்டு பக்கமும் இழுக்கும். அமெரிக்க நாட்காட்டிப்படி நடக்கும் தனித் திட்டத்தில் வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்கிறீர்கள் என்றால் ஏப்ரலில் வாருங்கள், இல்லாவிட்டால் முழு ஆண்டுக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் முழு ஆண்டுதான். முதல் செமஸ்டர் ஊரைப் பழகுவதற்கே சரியாகப் போய்விடும்.

கிளம்பும் முன் இன்னொன்று. எந்தெந்தப் பாடத்துக்கு உங்கள் கல்லூரி எத்தனை கிரெடிட் தரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஐரோப்பாவின் இரண்டு பாடப் புள்ளிகள் அமெரிக்காவின் ஒரு கிரெடிட். எடுக்க நினைப்பதைவிட மூன்று பாடங்கள் கூடுதலாகப் பட்டியலில் போட்டு ஒப்புதல் வாங்குங்கள். இங்கே வந்த பிறகு நேரம் மோதும், இடம் நிறைந்திருக்கும்.

பாஸ்போர்ட், பணம், மருந்து

அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமல் இறங்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் தங்கப் போகிறீர்கள் என்றால் 90 நாட்களுக்குள் பெர்லின் குடியேற்ற அலுவலகத்தில் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணல் தேதி கிடைக்க நாளாகும், அதனால் முதல் மாதமே இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட்டோடு அமெரிக்காவில் படிப்பவர்கள் இந்த வழியை நம்பிக் கிளம்பக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும்போதே ஜெர்மன் தூதரகத்தில் நீண்டகால விசா வாங்க வேண்டும். அதோடு, ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் எஃப்-1 (அமெரிக்க மாணவர் விசா) நிலை என்னவாகும் என்று உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம்.

செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட, முடக்கக் கணக்கு என்று ஒன்று திறக்கச் சொல்வார்கள். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ என்று கணக்கு, ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ. மொத்தத்தையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும், மாதாமாதம் அந்த அளவுதான் எடுக்க முடியும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள தொகை ஆண்டில் ஒரு நாளாவது மொத்தமாக 10,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்கக் கருவூலத்துக்கு எஃப்பார் என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். ஓர் ஆண்டுக்கான முடக்கக் கணக்கு அந்த எல்லையைத் தாண்டிவிடும். வரி எதுவும் கிடையாது, தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிவிக்காமல் விட்டால்தான் அபராதம். வருமானமே இல்லாத மாணவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று வீட்டில் யாரும் யோசிப்பதில்லை.

மருந்து விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். தினமும் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும், அது ஜெர்மனியில் கிடைக்குமா, என்ன பெயரில் கிடைக்கும் என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். கவனக்குறைவுப் பிரச்சினைக்கு அமெரிக்க மாணவர்கள் பலர் எடுத்துக்கொள்ளும் அடரால் இங்கே மருந்துக் கடையில் கிடைக்காது. அம்மா தபாலில் அனுப்பி வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது, மருந்துப் பார்சலைச் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.

மின்சாரம் இங்கே 230 வோல்ட். லேப்டாப், போன் சார்ஜர் தாங்கும். அமெரிக்காவில் வாங்கிய முடி உலர்த்தியும் ரைஸ் குக்கரும் தாங்காது. குக்கரை இங்கேயே வாங்குங்கள்.

வீடு

பெர்லினில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை இதுதான். மாணவர் விடுதிக்கு அனுமதிக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். விடுதிகளில் ஷ்லாக்டன்சே ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் மாணவர் கிராமத்துக்கு ஒரு கதை உண்டு. போருக்குப் பிறகு மேற்கு பெர்லின் இளைஞர்கள் ஜனநாயகமாகச் சேர்ந்து வாழப் பழகட்டும் என்று அமெரிக்க அரசின் பணத்தில் கட்டியது. 1959இல் முதல் மாணவர்கள் குடியேறினார்கள். பொதுச் சமையலறை, சின்னச் சின்ன அறைகள், நடுவில் மரங்கள். அங்கே இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

விடுதி கிடைக்காவிட்டால் வேகே. நான்கைந்து பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு ஓர் அறை வைத்துக்கொள்வதற்கு இங்கே அதுதான் பெயர். விளம்பரத்தைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். சொன்ன வாடகை 'குளிர்' வாடகையா, வெப்பமூட்டும் செலவும் சேர்ந்த 'சூடான' வாடகையா? முன்பணம் எவ்வளவு? (சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.) மூன்றாவது கேள்விதான் உயிர்: இந்த முகவரியில் அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்ய முடியுமா? முடியாது என்றால், அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று கனிவாக எழுதுவார்கள். அது மோசடி. நேரில் போக முடியாவிட்டால் முதல் மாதத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் பிடித்துக்கொண்டு வந்து தேடுங்கள்.

இறங்கிய நாள்

விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது, நகரம் ஏ, பி மண்டலங்களில். அதனால் ஏபிசி டிக்கெட் வாங்க வேண்டும். ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவே கிடையாது. நியூயார்க்கில் பழகியவர்களுக்கு இது இலவசம் மாதிரி தெரியும். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் பிடித்தால் 60 யூரோ. நடைமேடை இயந்திரத்தில் காகித டிக்கெட் வாங்கினால் பக்கத்திலிருக்கும் சின்னப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாத கணக்குதான். பல்கலைக்கழகத்தில் பதிவானதும், செமஸ்டர் கட்டணத்திலேயே நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிற டிக்கெட் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறீர்களா? கடைகள் எல்லாம் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பது ஜெர்மன் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மத்திய ரயில் நிலையம் போன்ற பெரிய நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். பையில் இரண்டு வேளைக்கு ஏதாவது வைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்மெல்டுங்

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள், நான் இந்த முகவரியில் இருக்கிறேன் என்று நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். அலுவலகத்துக்கு பியூர்கர்ஆம்ட் என்று பெயர், பதிவுக்கு அன்மெல்டுங். அமெரிக்காவில் இப்படி ஒன்று இல்லாததால் மாணவர்கள் இதைச் சாதாரணப் படிவம் என்று நினைத்துத் தள்ளிப் போடுகிறார்கள். மாணவர் அனுமதி, வங்கிக் கணக்கு, வரி எண், நூலக அட்டை என்று எல்லாம் இந்த ஒரு காகிதத்தில்தான் தொங்குகின்றன.

செய்யும் விதம் இது. பயணச் சீட்டு வாங்கிய கையோடு இணையத்தில் நேரம் பதியுங்கள். நீங்கள் இருக்கும் வட்டாரம் என்றில்லை, பெர்லினில் எந்த பியூர்கர்ஆம்டிலும் பதியலாம். இடம் இல்லை என்று காட்டினால் காலையில் அடிக்கடி திறந்து பாருங்கள், யாராவது ரத்து செய்த நேரம் வரும். போகும்போது பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், நீங்கள் குடிவந்ததற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று மூன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று எழுதினால் பின்னால் வேலைக்குப் போகும்போது தேவாலய வரி பிடிப்பார்கள். தெரிந்து எழுதுங்கள்.

பதிவு முடிந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்றைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள். அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே முகவரியில் வீட்டு எண் இருக்காது. கட்டட எண் வரைதான் இருக்கும், அப்புறம் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். எனக்கு இது தெரியாது. மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் இரண்டு முறை திரும்பிப் போய், பல்கலைக்கழகப் பதிவே மூன்று வாரம் தள்ளிப்போனது. காத்திருந்து காத்திருந்து கடைசியில் எதிர்வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னைக் கீழே அழைத்துப் போய், பெட்டியைக் காட்டி, தன் வீட்டிலிருந்து டேப் கொண்டுவந்து பெயரை ஒட்டியும் கொடுத்தார். மூன்று வாரமாக என்னைத் தினமும் படியில் பார்த்தவர்தான் அவர். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பதிய முடியாது. 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அரசுக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. அமெரிக்கக் காப்பீடு இருந்தாலும், அது செல்லும் என்ற உறுதியை இங்குள்ள அரசுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்துதான் வாங்க வேண்டும். சில வாரத்தில் வானொலிக் கட்டணம் என்று ஒரு கடிதமும் வரும். டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வேகேயில் ஏற்கெனவே ஒருவர் கட்டினால் அவருடைய எண்ணைக் கேட்டு எழுதி அனுப்பினால் போதும்.

தெருவில், கடையில்

குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் உணவகத்தில் தண்ணீர் கேட்டால் காசு கொடுத்து வாங்கும் பாட்டில்தான் வரும், பெரும்பாலும் சோடா மாதிரி குமிழியோடு. சாதாரணத் தண்ணீர் வேண்டும் என்றால் சொல்லித்தான் கேட்க வேண்டும். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் பில் வராது. கவனிக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். பில்லை நீட்டினால் எழுந்து போ என்று சொல்வதாக ஆகிவிடும் என்பது அவர்கள் நினைப்பு. டிப்ஸ் அமெரிக்கா மாதிரி 20 சதவீதம் இல்லை, ஐந்து முதல் பத்து போதும். சின்னக் கடைகளில் கார்டு வாங்காமல் இருக்கலாம், கையில் 50 யூரோ எப்போதும் இருக்கட்டும்.

காலி பாட்டிலை எறியாதீர்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் ஃபாண்ட் என்று சேர்த்து வாங்கியிருப்பார்கள். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் காசாளரிடம் கொடுத்தால் கழித்துக்கொள்வார். குப்பையைப் பிரிக்கும் முறையை வேகேயில் ஒருவரிடம் கேட்டு, அவர் பிரிக்கும்போது கூட நின்று பாருங்கள். தலைவலிக்கு ஒரு இபுபுரூஃபன் வேண்டுமென்றால்கூட சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, 'அப்பொதேக்கே' என்ற மருந்துக் கடைக்குத்தான் போக வேண்டும். ஆபத்துக்கு 112, போலீசுக்கு 110, இரவில் காய்ச்சல் என்றால் 116117. நடைபாதையில் சைக்கிளுக்கென்று பிரித்த பட்டையில் நிற்காதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது.

நேரம் சொல்வதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஹால்ப் டிரை' என்றால் வார்த்தைக்கு வார்த்தை 'அரை மூன்று'. மூன்றரை என்று நினைத்துப் போகக் கூடாது, அது இரண்டரை மணி. மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்று எண்ணுகிறார்கள்.

இன்னொரு பழக்கம். அமெரிக்காவில் "ஹவ் ஆர் யூ" என்பது நம் "சாப்பிட்டாச்சா" மாதிரி, பதிலை எதிர்பார்க்காத அன்பு. இங்கே "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் உண்மையைச் சொல்லத் தொடங்குவார்கள். கேட்க நேரம் இருந்தால் கேளுங்கள். நீ, நீங்கள் வேறுபாடு இங்கேயும் உண்டு: டு, ஸீ. அமெரிக்க நண்பர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். நமக்குப் பிறவியிலேயே வந்தது. மாணவர்களுக்குள் டு, பேராசிரியரிடமும் அலுவலகத்திலும் ஸீ.

வகுப்பு

நான் படித்தது டாலெம் பகுதியில் இருக்கும் ஃப்ரை பல்கலைக்கழகம். நகரத்தின் பழைய பல்கலைக்கழகம் சோவியத் பகுதியில் மாட்டிக்கொண்டதால், அதிலிருந்து வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் 1948இல் அமெரிக்கப் பகுதியில் தொடங்கியது. பிரதான கட்டடத்துக்கு ஹென்றி ஃபோர்டு பெயர். யு3 ரயிலில் டாலெம்-டோர்ஃப் நிலையத்தில் இறங்குங்கள். மெட்ரோ நிலையத்துக்குக் கூரை வேய்ந்திருப்பார்கள்!

அட்டவணையில் பத்து மணி என்று போட்டு 'சி.டி.' என்றிருந்தால் வகுப்பு 10:15க்கு. 'எஸ்.டி.' என்றால் பத்துக்கே. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையை விரலால் தட்டுவார்கள். அது கைதட்டல்.

மதிப்பெண்ணைத் தலைகீழாகப் படியுங்கள். அமெரிக்காவில் 4.0 என்றால் முதல் தரம். இங்கே 1.0 தான் முதல் தரம், 4.0 என்றால் தப்பித்துத் தேறியது, 5.0 தோல்வி. வாரத் தேர்வு, இடைத் தேர்வு எதுவும் இல்லாத பாடங்கள் நிறைய. கடைசியில் ஒரு தேர்வோ ஹவுஸார்பைட் என்ற ஒரு நீண்ட கட்டுரையோ, அதுவே முழு மதிப்பெண். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். கடைசி நாளை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். முதல் வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய், "நான் அமெரிக்காவிலிருந்து வந்த மாணவன், எந்தத் தேதிக்குள் எதை முடிக்க வேண்டும், என் கல்லூரிக்கு மதிப்பெண் எப்போது போகும்" என்று கேளுங்கள். கட்டுரைகளை விடுமுறையில் எழுதித் தருவது இங்கே வழக்கம். நீங்கள் அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள்.

செமஸ்டர் கணக்கில் இந்த ஊர் அன்றிலிருந்தே கறார். கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1892இல் பெர்லினுக்குப் படிக்க வந்தார். இன்றைய ஹம்போல்ட் பல்கலைக்கழகம்தான் அது. முனைவர் பட்டம் வாங்கும் எண்ணத்தில் இருந்தார். குறிப்பிட்ட எண்ணிக்கை செமஸ்டர் இங்கே இருந்தாக வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது, உதவித்தொகையும் நீளவில்லை. 1894இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பட்டம் பெற்றார். அதே பெர்லின் பல்கலைக்கழகம் 1958இல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது. ஹம்போல்ட் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

மதியம் மென்சாவில் சாப்பிடுங்கள். மாணவர் உணவகம், விலை குறைவு, சைவமும் வீகனும் தினமும் உண்டு.

எங்கிருந்து வருகிறீர்கள்

டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். நியூ ஜெர்சிக் குளிருக்குப் பழகியிருந்தாலும் இந்த இருட்டு வேறு. வெளிச்சம் இருக்கும்போது ஒரு மணி நேரமாவது வெளியே நடங்கள், வகுப்புக்குப் போவதைப் போல அதையும் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். மனம் சோர்ந்தால் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆலோசனை உண்டு. அதற்கும் நீங்களேதான் போய்க் கேட்க வேண்டும்.

நம் நிறத்தில் இருப்பவர்கள் அமெரிக்கா என்று சொன்னால், "இல்லை, உண்மையில் எங்கிருந்து?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனாலும் ஐந்தாவது முறை கேட்கும்போது வலிக்கும். பதில் சொல்வது உங்கள் விருப்பம். "நியூ ஜெர்சி" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை.

அப்படி வலித்த ஒரு வெள்ளிக்கிழமைதான் யு7 ரயிலில் ஏறி பிளாஷ்கோஅலே நிலையத்தில் இறங்கி ஸ்ரீ மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனேன். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் பல ஆண்டு சேர்த்த பணத்தில் எழுப்பி 2013இல் குடமுழுக்குச் செய்த கோயில். அவர்களில் பலர் எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எல்லை கடந்து மேற்குக்கு வந்தவர்கள். பிரசாதம் கொடுத்த அம்மா கேட்டார்: "எங்கயிருந்து வந்தனீங்கள், தங்கச்சி?" அதே கேள்விதான். மதுரையில் தொடங்கி முழுக்கதையும் சொன்னேன். அமெரிக்க நண்பர்களையும் பிறகு அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். யாரையும் தடுக்க மாட்டார்கள். காலணியைக் கழற்றிவிட்டுப் போனால் போதும்.

கிளம்பும்போது

வந்ததும் அன்மெல்டுங் போல, போகும்போது அப்மெல்டுங், அதாவது பதிவை நீக்குவது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே செய்யலாம். அந்தச் சான்று இருந்தால்தான் காப்பீட்டையும் வானொலிக் கட்டணத்தையும் நிறுத்த முடியும். செய்யாமல் விமானம் ஏறிவிட்டால் பில் ஏறிக்கொண்டே இருக்கும். அறையைக் காலி செய்யும்போது வீட்டுக்காரரோடு சேர்ந்து சுவர், ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒப்படைப்புச் சீட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் திரும்பி வர சில மாதம் ஆகலாம், அதுவரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

அஞ்சல் பெட்டியில் இருக்கும் பெயர்ச்சீட்டை உடனே கிழித்துவிட வேண்டாம் என்று வேகே நண்பர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் போன பிறகும் இரண்டு மூன்று கடிதம் வரும்.